பற்பசை பூசிய சுவர்

அந்த வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் கண் விழித்ததும் ஆரம்பிக்கும் பேச்சு, ராத்திரி தூக்கம் வந்து வாயை மூடினால்தான் நிற்கும். சில நாள் தூக்கத்திலும் நிற்காது.

இப்படி ஓயாமல் பேசுகிறவள், பேசியே ஆக வேண்டிய ஒரு சமயத்தில் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அதனால் வந்த வினையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

ரேடியோவின் அம்மா துணி தைப்பவர். வீட்டின் முன் அறைதான் தையல் அறை. தையல் மெஷின், ஒரு முக்காலி, ஒரு கட்டில், மலைபோலத் துணி, தரை முழுக்க வெட்டுத்துண்டு. இது போதாதென்று பொத்தான் பாட்டில்கள் வேறு. சிவப்புப் பொத்தானுக்கு ஒன்று, வெள்ளைப் பொத்தானுக்கு ஒன்று என்று சுவரோரமாகக் கண்ணாடி பாட்டில்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் யாராவது கால் இடித்துக்கொள்ளாத நாளே கிடையாது.

"ஒரு ஷெல்ஃப் மட்டும் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!" என்று அம்மா பெருமூச்சு விடுவார்.

அப்பா லாரி ஓட்டுகிறவர். கிளம்பிப் போனால் திரும்பி வரப் பல நாள் ஆகும். வீட்டில் இருக்கும் ஒரே ஆண்பிள்ளை சித்தப்பாதான், அப்பாவின் தம்பி. ஆனால் சித்தப்பாவிடம் வேலை சொல்ல அம்மாவுக்குப் பயம். ஒருமுறை சொட்டுகிற குழாயைச் சரிபண்ணப் போனார். சொட்டியது நின்று, கொட்ட ஆரம்பித்தது. இன்னொருமுறை ஆடுகிற நாற்காலியைப் பிடித்தார். காலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து அறுத்து, கடைசியில் அது பூனை உட்காரத்தான் லாயக்காக இருந்தது.

"தம்பி, நீ கை வைக்காதே. கெட்டது கெட்டதாவே இருக்கட்டும்," என்று அம்மா கும்பிடு போடுவார். சித்தப்பாவும் சேர்ந்து சிரித்துக்கொள்வார்.

ஆனால் மரவேலை என்றால் அவருக்கு உயிர். அடுத்த தெருவில் ஒரு தச்சுப் பட்டறை இருந்தது. அதை நடத்தியவர் ஒரு அம்மாள். எல்லாரும் 'பட்டறைக்காரம்மா' என்பார்கள். சித்தப்பா அந்த வாசலில் நின்று இழைப்புளி ஓடுவதை வாய் பார்த்துக்கொண்டே இருப்பார். பார்த்துப் பார்த்து அந்த அம்மாளுக்கே சலித்துவிட்டது.

"இப்படி வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு நிக்கிறதுக்கு உள்ள வந்து வேலை கத்துக்கலாம்ல? வர்ற திங்கக்கிழமை வந்து சேரு," என்றார்.

சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த சந்தோஷத்திலேயே ஒரு பலகை வாங்கிவந்தார். இழைத்தார், தேய்த்தார், வார்னிஷ் பூசினார். இந்தமுறை அரைகுறை வேலை இல்லை. பலகை கண்ணாடி மாதிரி மின்னியது.

"அண்ணி, இந்தாங்க உங்க ஷெல்ஃப்! எங்க மாட்டலாம்?"

அம்மாவே அசந்துபோனார். "மெஷினுக்கு மேல மாட்டு தம்பி. எட்டி எடுக்க வசதியா இருக்கும்."

இதைக் கேட்டதும் ரேடியோ சட்டென்று அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

ஏன் என்று கேட்கிறீர்களா? போன மாதம் ஒரு மழை நாள். பள்ளிக்கூடத்தில் ஈட்டி எறிதல் போட்டி வரப்போகிறது, வெளியே போய்ப் பழக முடியவில்லை. இந்த அம்மணி என்ன செய்தாள் தெரியுமா? அம்மா கடைக்குப் போன நேரத்தில், ஒட்டடைக் கம்பை எடுத்துத் தையல் அறையில் குறுக்கே எறிந்து பார்த்தாள். கம்பு போய்ச் சுவரில் நச்சென்று குத்தியது. பூச்சு பொலபொலவென்று உதிர்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம்!

அம்மா வருவதற்குள் மறைக்க வேண்டுமே. கீழே கிடந்த வெட்டுத்துண்டுகளைப் பள்ளத்துக்குள் திணித்தாள். மேலே பற்பசையை வழித்துப் பூசினாள். அது காய்ந்ததும் அம்மா துணியில் கோடு போடும் வெள்ளைச் சாக்கட்டியைப் பொடித்துத் தேய்த்தாள். அடேயப்பா, சுவரா அது, அவ்வளவு வழுவழுப்பு! கிட்டப் போனால் லேசாகப் புதினா வாசனை வரும், அவ்வளவுதான். அன்று அவளுக்குத் தன்மேல் பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது சித்தப்பா அதே இடத்தில் பென்சிலால் குறி வைத்துக்கொண்டிருந்தார்.

குறி வைத்துவிட்டு, விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். டக், டக், டக். கொஞ்சம் தள்ளித் தட்டினார். பொத், பொத்.

"என்ன இது, இங்க மட்டும் சத்தம் வேற மாதிரி வருது?" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ரேடியோ சொன்னது இதுதான்: "பக்கத்து வீட்டுல எதையோ தட்டறாங்க சித்தப்பா. அந்தச் சத்தம்!"

சித்தப்பா நம்பிவிட்டார். அவ்வளவு சந்தோஷத்தில் இருப்பவர் எதைத்தான் நம்பமாட்டார்? துளை போட்டபோது துரப்பண ஊசியில் நூல்கூடச் சுற்றிக்கொண்டு வந்தது. அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, "இந்த வீட்டுல சோத்துலயே நூல் வரும், சுவத்துல வராதா?" என்று சிரித்தார். ரேடியோவும் தேவைக்கு அதிகமாகவே சிரித்தாள்.

சுவரில் இரண்டு இரும்புத் தாங்கிகளைத் திருகாணி போட்டு முடுக்கி, மேலே பலகையை வைத்து இறுக்கினார். ஷெல்ஃப் நின்றது. மறுநாள் காலையில் அம்மா பாட்டில்களை எல்லாம் துடைத்து வரிசையாக அடுக்கினார்.

"தம்பி, உன்னை என்னமோன்னு நினைச்சேன். பிரமாதம் போ!" என்றார். சித்தப்பா காது வரைக்கும் சிரித்தார்.

மத்தியானம் அம்மா தைத்துக்கொண்டிருந்தார். சட்டை வாங்க வந்த ஒருவர் வாசலில் நின்று கூப்பிட்டார். அம்மா எழுந்து போனார்.

டமார்!

ஒரு பக்கத் தாங்கி பிய்த்துக்கொண்டு வர, பலகை சரிந்து, பாட்டில்கள் எல்லாம் தரையில் விழுந்து நொறுங்கின. மெஷினுக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் பொத்தான்கள் ஓடின. ஒன்று வாசற்படி தாண்டித் தெருவுக்கே போனது.

முதலில் ஓடிவந்தவள் ரேடியோதான். பள்ளத்திலிருந்து துணித்துண்டுகள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. யோசிக்கவே இல்லை. எல்லாவற்றையும் இழுத்துத் தரையில் போட்டாள். தையல் அறையில் வெட்டுத்துண்டுக்கா பஞ்சம்? தாங்கி பிய்ந்ததில்தான் பள்ளம் விழுந்தது என்று நினைத்துக்கொண்டார்கள்; யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சித்தப்பா பாட்டில்களைப் பார்க்கவில்லை. முக்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா உட்கார்ந்திருந்த முக்காலி அது. பலகையின் முனை அதன்மேல்தான் விழுந்து கிடந்தது.

"அண்ணி, நீங்க மட்டும் எழுந்து போகலைன்னா..." என்றார்.

"எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே தம்பி. விடு," என்றார் அம்மா. கேலி பண்ணவில்லை. அதுதான் ரேடியோவுக்குப் பொறுக்கவில்லை. அம்மா கேலி பண்ணியிருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது.

சித்தப்பா துரப்பணத்தையும் சுத்தியலையும் உளியையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அன்று மீதி நேரம் முழுக்க மூவரும் தரையில் உட்கார்ந்து பொத்தான் பொறுக்கினார்கள்.

"என்னடி, இன்னைக்கு ரேடியோ பாடலையா?" என்று அம்மா கேட்டார்.

"தொண்டை வலிக்குதும்மா," என்றாள். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் அவள் எழுந்தபோது சித்தப்பா வீட்டில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பட்டறைக்குப் போயிட்டு வந்தேன் அண்ணி. வேலை வேண்டாம்னு சொல்லிட்டேன்," என்றார்.

"என்ன தம்பி, கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு?"

"என் கையில எதுவும் நிக்காது அண்ணி. குழாய் போச்சு, நாற்காலி போச்சு, சிரிச்சுக்கிட்டோம். நேத்து உங்க தலையில விழவேண்டியது. நாளைக்கு நான் செய்யறது வேற யாரு தலையில விழுமோ? வேண்டாம்."

ரேடியோவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. வாயைத் திறந்தாள். எல்லாம் மொத்தமாகக் கொட்டிவிட்டது. ஒட்டடைக் கம்பு, பள்ளம், வெட்டுத்துண்டு, பற்பசை, சாக்கட்டி. அழுதுகொண்டே சொன்னதால் பாதி புரியவில்லை, ஆனால் வேண்டியது புரிந்துவிட்டது.

சித்தப்பா கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப நான் சுவரைத் தட்டினப்ப...?"

"பக்கத்து வீட்டுல யாரும் தட்டலை சித்தப்பா."

அவர் கழற்றிய செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டார். வெளியே போய்விட்டார்.

"சுவரு போனா போகுது. நேத்தே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?" என்றார் அம்மா. திட்டுகிற குரல்கூட இல்லை. ரேடியோ சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்ததும் முகத்தைக் கழுவினாள். அம்மாவிடம் சொல்லிவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனாள். பட்டறைக்காரம்மா ஒரு கதவுக்குக் கீல் பொருத்திக்கொண்டிருந்தார்.

"ஷெல்ஃப் விழுந்தது சித்தப்பா தப்பு இல்லை. என் தப்பு," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கீலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "துளை போடறதுக்கு முன்னாடி சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டாமா உங்க சித்தப்பா?"

"தட்டினாங்க. சத்தம் வேற மாதிரி வருதுன்னுகூடச் சொன்னாங்க. நான்தான் பொய் சொல்லி ஏமாத்திட்டேன்."

பட்டறைக்காரம்மாவின் கை நின்றது. "அடடா," என்றார். "இதை என்கிட்ட அவன் சொல்லவே இல்லையே. நான் லாயக்கில்லைம்மான்னு மட்டும் சொல்லிட்டுப் போனான்."

"அவங்களுக்கே அப்ப தெரியாது."

"அவன் போன கையோட வேற ஒரு பையன் வந்து நின்னான். சரி வான்னு சொல்லிட்டேனே. இப்ப அவனை வேண்டாம்னு சொன்னா அது நியாயமா?"

நியாயமில்லைதான். ரேடியோவுக்கே தெரிந்தது. ஒரு நாள் முன்னால் சொல்ல வேண்டியதை ஒரு நாள் பின்னால் சொன்னால், அதே வார்த்தைதான், ஆனால் ஒன்றுக்கும் உதவவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது, அதற்குள் திரும்பி வந்திருந்த சித்தப்பா, "போனது போகட்டும். நீ ஏன் அங்கெல்லாம் போனே?" என்றார். சாக்கு மூட்டை கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

பட்டறையில் இருந்த இடம் போய்விட்டது. அதைத் திருப்பிக் கொண்டுவர அவளால் முடியாது. சுவர் மட்டும் அப்படியே இருந்தது. சரி, தன்னால் முடிந்ததைச் செய்வோம் என்று சமையலறையிலிருந்து ஒரு பழைய கரண்டியை எடுத்துவந்தாள். முக்காலியில் ஏறி, பள்ளத்தில் ஒட்டியிருந்த பற்பசையைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

சித்தப்பா கட்டிலில் படுத்தபடி பார்த்தார். திரும்பிப் படுத்தார். மறுபடியும் திரும்பினார்.

"அப்படிச் சுரண்டினா நல்ல பூச்சும் சேர்ந்து வரும்," என்றார்.

"வேற எப்படிச் சுரண்டறது?"

"ஆடறதை மட்டும் எடு. கெட்டியா இருக்கிறதைத் தொடாதே."

சுரண்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "செங்கல் தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது."

"தூசியைப் பிரஷ்ஷால தட்டு. ஊதாதே, ஊதாதே, கண்ணுல..."

அதற்குள் ஊதிவிட்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றவளைப் பார்த்ததும் சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு எழுந்தார். கண்ணைக் கழுவிவிட்டார். சாக்கு மூட்டையை அவிழ்த்துச் சின்ன உளியை எடுத்தார். மூலையில் ஒளிந்திருந்த கடைசித் துணித்துண்டையும் நோண்டி எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"உன் பொக்கிஷம்," என்றார்.

கடையிலிருந்து கொஞ்சம் சிமெண்டும் மணலும், பூசுவதற்கு ஒரு சின்னக் கரணையும் வாங்கிவந்தார்கள். பள்ளத்தில் முதலில் தண்ணீர் தெளித்தார்கள். சுவர் காய்ந்திருந்தால் கலவையிலுள்ள ஈரத்தை அதுவே குடித்துவிடும். பிறகு சித்தப்பா கலவையைப் பிசைந்து அவள் கையில் கரணையைக் கொடுத்தார்.

"நீ கெடுத்த சுவரு. நீயே அடை."

அவள் ஒரே அமுக்காக எல்லாவற்றையும் திணிக்கப் போனாள். "ஆத்திரப்படாதே. முதல்ல பாதி. அது இறுகினதும் மீதி," என்று தடுத்தார். சாயங்காலத்துக்குள் பள்ளம் மூடியது. வழுவழுப்பெல்லாம் இல்லை. சாம்பல் நிறத்தில், கொஞ்சம் கரடுமுரடாக இருந்தது. புதினா வாசனை மட்டும் போய்விட்டது.

"உடனே துளை போடலாமா?"

"போட்டா மறுபடியும் முதல்லேருந்துதான். நாலஞ்சு நாள் தண்ணி காட்டணும். அப்புறம் நல்லாக் காயணும்."

அந்த வேலையை ரேடியோ எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் போகும் முன்னாலும் வந்த பின்னாலும் சுவருக்குத் தண்ணீர் தெளித்தாள். திங்கட்கிழமை வந்தது. சித்தப்பா பட்டறையில் இருக்க வேண்டிய நாள். அன்று அவர் ஜன்னலருகே உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் தண்ணீர்க் கிண்ணத்தோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, மன்னிச்சிடுங்க," என்றாள்.

"அதான் சொல்லிட்டியே."

"இன்னைக்கும் சொல்லணும் போல இருந்துச்சு."

அவர் அவள் தலையில் கை வைத்து லேசாக ஆட்டினார்.

சுவர் நன்றாக இறுகிக் காய்ந்ததும் சித்தப்பா மறுபடியும் தட்டிப் பார்த்தார். டக், டக், டக். எல்லா இடத்திலும் ஒரே சத்தம். இந்தமுறை செங்கல் வரைக்கும் துளை போட்டார். பிளக் அடித்து, நீளமான திருகாணியாகப் போட்டு முடுக்கினார். பலகையைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை.

உடையாமல் மிஞ்சிய பாட்டில்களையும் புது டப்பாக்களையும் அம்மா ஒவ்வொன்றாக அடுக்கினார். சித்தப்பா ஷெல்ஃபுக்குக் கீழே இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார். அடுக்கி முடித்த பிறகும் அப்படியே நின்றார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

அம்மா முக்காலியை இழுத்தார்.

"அண்ணி, இப்ப உட்கார வேண்டாம். இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்."

அம்மா காதிலேயே வாங்கவில்லை. நேராக ஷெல்ஃபுக்குக் கீழே உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோத்தார். மெஷினை ஓட்ட ஆரம்பித்தார். ஷெல்ஃப் மேலே டப்பாக்கள்கூட ஆடவில்லை. ஒரு சட்டையின் ஒரு பக்கம் முழுவதும் தைத்து முடித்தார்.

"தம்பி, கையை எடு. வெளிச்சத்தை மறைக்குது," என்றார்.

சித்தப்பா முதலில் ஒரு கையை எடுத்தார். பிறகு இன்னொன்றையும் எடுத்தார். அம்மா தைத்துக்கொண்டே இருந்தார்.

சித்தப்பா போய் முகம் கழுவினார். நல்ல சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்று ரேடியோ கேட்டாள்.

"பட்டறைக்கு."

"அங்க இடம் இல்லைன்னு அந்தம்மா சொல்லிட்டாங்களே சித்தப்பா."

"சொல்லட்டும். வேண்டாம்னு போய்ச் சொன்ன வாய்தானே, வேணும்னும் போய்ச் சொல்லட்டும். இன்னைக்கு இல்லைன்னா எப்பன்னு கேட்டுட்டு வர்றேன்."

"நானும் வர்றேன்."

"வா. ஆனா அங்க வந்து நீ வாயைத் திறக்கக் கூடாது."

"அன்னைக்குத் திறக்காததாலதானே சித்தப்பா இவ்வளவும் ஆச்சு?"

சித்தப்பா வாசற்படியில் நின்றுவிட்டார். அவளைத் திரும்பிப் பார்த்தார். ஷெல்ஃப் விழுந்த நாளிலிருந்து சிரிக்காத மனிதர், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சரி தாயே, பேசு," என்றார்.

அவள் பேச ஆரம்பித்தாள். பட்டறை வாசல் வந்த பிறகும் நிறுத்தவில்லை.